ஆமை புகுந்த வீடு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அமீனா இதுவரை என் வீட்டுக்கு வந்ததில்லை. (கிரெடிட் கார்டு ஆசாமிகள் போனோடு நிறுத்திக்கொண்டார்கள்.) ஆமை வந்தது. தானாகப் புகவில்லை. பாயசக் கிண்ணம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், நடுவே நின்ற பிளாஸ்டிக் தென்னைமரத்தடியில் உட்கார்ந்தபடி, 2022 ஜனவரியில் ஆட்டோவில் வந்து இறங்கியது.

காரணம், என் பக்கத்து ஸீட் நண்பன். ஆபீஸ் மேஜையில் ஆமை வைத்தால் பிரமோஷன் நிச்சயம் என்று டி.வி.யில் யாரோ சொன்னார்களாம். அவர்கள் சொன்னது பித்தளை ஆமை. நம்மவன் எதையும் கொஞ்சம் ஓவராகச் செய்கிறவன். "உயிரோட வெச்சா எஃபெக்ட் ஜாஸ்திடா" என்று வண்ணமீன் கடை ஒன்றில் 250 ரூபாய் கொடுத்து நிஜ ஆமையையே வாங்கி வந்துவிட்டான். சரியாக ஒரே மாதத்தில் ஆர்டர் வந்தது. பிரமோஷன் இல்லை, ராஞ்சிக்கு டிரான்ஸ்ஃபர்!

"ஒரு வாரம் வெச்சுக்கோ மச்சி. செட்டிலானதும் வந்து எடுத்துக்கறேன்" என்று என் கையில் தொட்டியைத் திணித்துவிட்டு ரயிலேறினான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

ஆமை ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால், காது இருக்கவேண்டிய இடத்தில், குங்குமத்தால் இழுத்த மாதிரி சிவப்புக் கோடு. சிவப்புக் காது ஆமை என்று பெயர். சொந்த ஊர் அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பக்கம். எதைக் கேட்டாலும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டதால் நான் அதற்கு 'ஜி.எம்.' என்று பெயர் வைத்தேன். எங்கள் ஆபீஸில் காரணம் கேட்காமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நான் குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில், மாடியில் ஓர் ஒற்றை அறை. கீழே ஹவுஸ் ஓனர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் அமெரிக்காவில். வீட்டில் அவரும், ஒரு ரேடியோவும், எனக்காக மாட்டிய ஸப்-மீட்டரும்தான். தொட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, இது என்ன?"

"ஆமை ஸார்."

"அது தெரியுது. பழமொழி தெரியுமில்ல?"

"ஒரே வாரம் ஸார்."

"அசைவம் சமைக்கக் கூடாதுன்னுதான் கண்டிஷன் போட்டேன். உயிரோட வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையேன்னு கேப்பீங்க" என்று முணுமுணுத்தபடி வழிவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை ஆமை வளர்ப்பது உலகத்திலேயே சுலபமான வேலையாக இருந்தது. குரைக்காது, வாக்கிங் கேட்காது. காலையில் காய்ந்த இறாலைக் கொஞ்சம் தூவிவிட்டு ஆபீஸ் போனால், ராத்திரி வந்து டியூப்லைட் போடும்போது ஜி.எம். அதே தென்னைமரத்தடியில் அதே போஸில் இருப்பார். 'ஆஹா, என்ன அமைதி!' என்று நான் பூரித்துப் போவேன்.

அது அமைதி இல்லை, சீக்கு என்று தெரிய நாலு மாதம் ஆனது. முதலில் இறாலைத் தொடவில்லை. அப்புறம் கண்கள் வீங்கின. ஒருநாள் தண்ணீர் மாற்றும்போது கையில் எடுத்தேன்... பகீரென்றது. கல் மாதிரி இருக்கவேண்டிய ஓடு, ஓரத்தில் நமுத்த அப்பளமாக வளைந்தது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1903-ல் தொடங்கிய கல்லூரியைச் சேர்ந்தது. அங்கே வராத ஜீவன் இல்லை. அன்று எனக்கு முன்னால் ஒரு டாபர்மேன், ஒரு சண்டைச் சேவல், ஸ்வெட்டர் போட்ட ஒரு பூனை. நான் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். "டிபன் வெளியிலே போய்ச் சாப்பிடுங்க ஸார்" என்றார் அட்டெண்டர். திறந்து காட்டினேன்.

டாக்டரம்மா ஜி.எம்.மைப் புரட்டிப் பார்த்தார். ஓட்டை விரலால் மெல்ல அழுத்தினார். பிறகு ஆமையை விட்டுவிட்டு என்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

"வெயில் படுதா?"

"ஜன்னலோரமாத்தான் வெச்சிருக்கேன் மேடம்."

"கண்ணாடி ஜன்னலா?"

"ஆமாம்."

"அப்போ படலை. மேலே ஏறி உடம்பைக் காயவெச்சுக்க இடம் இருக்கா?"

"தென்னைமரம் இருக்கு..."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடம் போதாது.

அன்று அவர் பத்து நிமிஷத்தில் சொன்னதுதான் எனக்கு ஆமைப் பாடம். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிறது. ஆமை, பல்லி, பாம்பு வகையறாவுக்கு அந்தச் செலவு கிடையாது. சூட்டை வெளியிலிருந்து கடன் வாங்கித்தான் வயிறு ஜீரணிக்கும், நோயை எதிர்க்கும், காலை நீட்டும். சூடு கிடைக்காவிட்டால் தின்றதும் வயிற்றில் அப்படியே கிடக்கும்.

அடுத்தது வெளிச்சம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அதில் 'பி' என்று ஒரு பிரிவு. அது தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் இருக்கும் கால்ஷியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். அந்தக் கதிரை அநேகமாக முழுசும் வெளியிலேயே நிறுத்திவிடும். ஆக, ஜி.எம். நாலு மாதமாக வெயிலை வேடிக்கை பார்த்திருக்கிறாரே தவிர, வெயில் காயவில்லை. ஓட்டுக்குக் கால்ஷியம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது ஈரம். தண்ணீரில் வாழ்கிற ஆமையாக இருந்தாலும் தினமும் சில மணி நேரம் கரையேறி, ஓடும் தோலும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயவேண்டும். இல்லையென்றால் பூஞ்சையும் கிருமியும் ஓட்டில் குடக்கூலி இல்லாமல் குடியேறிவிடும்.

ஊசி போட்டு, கால்ஷியம் மருந்து எழுதிக் கொடுத்து, "தினம் கொஞ்ச நேரம் நேர் வெயில் காட்டுங்க. காலை வெயில்!" என்று அனுப்பினார். கடைசி இரண்டு வார்த்தைகளை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் வெட்கப்படும் இடம் இதுதான்.

மறுநாள் ஞாயிறு. அக்னி நட்சத்திரம். பத்து மணிக்கு மேல் எழுந்து, பல் தேய்த்து, தொட்டியோடு ஜி.எம்.மை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தேன். 'சூரிய பகவானே, பார்த்துக்கொள்!' என்று திரும்பினால் போன். கும்பகோணத்திலிருந்து அம்மா.

"ஒரு ஜாதகம் வந்திருக்குடா. பொண்ணு பி.காம்., பேங்க்ல வேலை..."

ஜாதகத்தில் ஆரம்பித்து, நட்சத்திரம், பெண்ணின் சித்தப்பா, அவர் வாங்கிய மனை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அரைமணி நேரம். திடீரென்று மாடியிலிருந்து ஒரு குரல்.

"தம்பீ...! ஓடி வாங்க!"

வடகம் காயவைக்க மேலே போன ஹவுஸ் ஓனர், தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றிருந்தார். தண்ணீரில் விரலை விட்டேன். ரசம் மாதிரி சுட்டது. ஜி.எம்.மின் நாலு காலும் தலையும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. எதைக் கண்டாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆசாமி, நான் தொட்டும் இழுக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. 'ஐஸ் தண்ணி!' என்று ஃபிரிட்ஜுக்கு ஓடப்போனேன்.

"நில்லுங்க! கொதிச்ச கண்ணாடி டம்ளர்ல ஐஸ் போடுவீங்களா?" என்று அதட்டினார். பக்கெட்டில் இருந்த சாதாரணத் தண்ணீரைத் தட்டில் கொஞ்சமாக ஊற்றி, தலை மூழ்காதபடி அதில் ஜி.எம்.மை வைத்தார். மெல்ல மெல்லச் சூட்டை இறக்கினார். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுமார் 20 நிமிஷம் கழித்து முன்னங்கால் ஒன்று அசைந்தது. அப்புறம் தலை உள்ளே போனது. உலகத்தில் எந்த ஜி.எம்.மும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டதற்காக ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

ஹவுஸ் ஓனர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வெயில் குடுன்னாங்க, குடுத்தே. சரி. ஓடி ஒளியறதுக்கு நிழல் எங்கடா? மாட்டைக் கட்டறவன்கூட கயித்தை நிழல் எட்டற அளவுக்கு விடுவான். நீ நாலு பக்கமும் சுவர் வெச்சு அடுப்பிலே ஏத்திட்டே!"

அன்றோடு 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். நம் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஏ.சி.யை 18-ல் வை என்று ஒரு கோஷ்டி; 26-ல் வை என்று ஒரு கோஷ்டி. ரிமோட்டை ஒளித்து வைக்க ஒரு மூன்றாவது கோஷ்டி. என் ஸீட் ஏ.சி. காற்று நேராக இறங்கும் இடத்தில். மணிக்கொரு தரம் எழுந்து, எதிர்த்த டீக்கடை வெயிலில் போய் நிற்பேன். உடம்பு காய்ந்ததும் திரும்பி வந்து உட்காருவேன். மானேஜர் இதை 'டீ குடிக்கும் வியாதி' என்கிறார். உண்மையில் நான் செய்வது ஆமை வேலை! காட்டில் ஆமை நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். குளிர்ந்தால் கரை, சுட்டால் தண்ணீர். ஒரே சூடு அதற்கு ஆகாது. சூடான ஒரு மூலை, குளிர்ச்சியான ஒரு மூலை, நடுவில் நடக்க வழி, இவ்வளவுதான் அது கேட்பது. எனக்காவது கால் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. ஜி.எம்.முக்கு நான் கொடுத்திருந்தது வழுக்குகிற சுவரும் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரமும்.

அடுத்த ஞாயிறே வேலை ஆரம்பித்தது. தலைமை எஞ்சினீயர், ஹவுஸ் ஓனர். எடுபிடி, அடியேன்.

பழைய மீன் தொட்டி ஒன்று, மூன்றடி நீளம், விலைக்கு வாங்கினோம். ஒரு கோடியில் செங்கல் அடுக்கி, அதன்மேல் நாட்டு ஓடு ஒன்றைச் சாய்வாக வைத்து, தண்ணீரிலிருந்து ஏறிவரப் படித்துறை. மறுகோடியில் ஆழமான தண்ணீர், மேலே நிழலுக்கு ஒரு பலகை. படித்துறைக்கு மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு.

இந்த விளக்குக்காக நான் பட்டபாடு! வேண்டியது 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், குளிர் காய உதவாது. "குண்டு பல்பா? எந்தக் காலத்துல ஸார் இருக்கீங்க? கரண்டை முழுங்கும்" என்றார் முதல் கடைக்காரர். "சூட்டுக்குத்தாங்க வேணும்" என்றேன். "சென்னையிலயா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். ஏழாவது கடையில் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

பல்பைச் சங்கிலியில் தொங்கவிட்டு, ஓட்டின் மேல் தெர்மாமீட்டர் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தோம். ஒரு அடி உயரத்தில் 30 டிகிரி. ஏழு அங்குலத்தில் 39. ஒன்பதில் 34. "நிறுத்து!" என்றார் ஹவுஸ் ஓனர். ஏனென்றால், வெயில் காயும் இடம் 32-லிருந்து 35 டிகிரி செல்ஷியஸ் இருக்கவேண்டும். தண்ணீர், குட்டிக்கு 26-லிருந்து 28. சென்னையில் தண்ணீர் தானாகவே அப்படித்தான் இருக்கும். பெங்களூர், ஊட்டிக்காரர்களுக்குத்தான் தண்ணீர் ஹீட்டர் செலவு. இப்படி அளந்து முடிக்கும்வரை ஜி.எம். பக்கெட்டில் காத்திருந்தார். முதலில் தெர்மாமீட்டர் குடியிருந்து பார்க்கட்டும், அப்புறம் ஆமை போகட்டும் என்பது ஹவுஸ் ஓனர் சட்டம்.

அடுத்தது புற ஊதா விளக்கு. எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் போய் 'யு.வி. லைட்' என்று கேட்டால் மூன்று சாமான் எடுத்துப் போட்டார்கள். ஒன்று கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு. அதில் வருவது 'ஏ' பிரிவு, ஓட்டுக்குப் பிரயோஜனமில்லை. இரண்டாவது கொசு அடிக்கும் பெட்டி. மூன்றாவது வாட்டர் ப்யூரிஃபயருக்குள் இருக்கும் விளக்கு. அது கிருமியைக் கொல்லும் 'சி' பிரிவு. அதைத் திறந்த தொட்டிக்கு மேலே மாட்டியிருந்தால் ஆமையின் கண்ணும் போயிருக்கும், என் கண்ணும் போயிருக்கும். நல்லவேளை, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் 'யு.வி.பி.' விளக்கு என்று கேட்டு ஆர்டர் செய்து வரவழைத்தேன். அதை எவ்வளவு தூரத்தில் மாட்டவேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கக் கூடாது. ஜன்னல் கதைதான் திரும்ப நடக்கும். இன்னொரு சூட்சுமம்: ஒரு வருஷத்துக்குள் அதில் அந்தக் கதிர் வற்றிவிடும். ஆனால் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருக்கும்! "நம்ம டிபார்ட்மெண்ட்ல சில பேர் இருந்தாங்க, அந்த மாதிரி" என்று சொல்லி, ஹவுஸ் ஓனர் வாங்கிய தேதியை ஸ்கெட்ச் பேனாவால் அதன் தலையிலேயே எழுதினார்.

தண்ணீரும் கரண்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடம் என்பதால், மனுஷர் 35 வருஷ சர்வீஸையும் காட்டிவிட்டார். பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் உருகும் என்று பீங்கான் ஹோல்டர். ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினார். தண்ணீர் ஒயர் வழியாக ஓடிவந்தாலும் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கசிவு இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் ஒன்று. "இது ஆமைக்கில்லே. ஈரக் கையோட நீ ஹோல்டரைத் தொடுவே பாரு, அதுக்கு!"

காலை ஏழுக்கு விளக்கு போட, மாலை ஐந்துக்கு அணைக்க ஒரு டைமர். ராத்திரி இருட்டு, ஆமைக்கும் தூக்கம் வேண்டும். கடைசியில் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

"60 வாட், பத்து மணி நேரம், 0.6 யூனிட். இந்த யு.வி. 13 வாட், 0.13. நாளைக்கு 0.73. மாசம் 22 யூனிட்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் ஸப்-மீட்டர்ல வேண்டாம். என் லைன்லேர்ந்தே இழுத்துடறேன். இல்லேன்னா காசை மிச்சம் பிடிக்கறேன்னு நீ அணைச்சுடுவே" என்றார்.

இந்த மனிதர் எனக்கு ஓசியில் ஒரு யூனிட் கொடுத்ததில்லை. ஜி.எம்.முக்கு மாதம் 22!

அதற்காக ஓடு மறுநாளே கெட்டியாகிவிடவில்லை. ஆமை விஷயம் ஆமை வேகத்தில்தான். டாக்டர் மருந்து, கீரை, ஆமைத் தீனி, கொறிக்க நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கடல் நுரை (கணவாய் மீனின் ஓடுதான், முழுக்கச் சுண்ணாம்பு). ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பாதி பலகை மூடிய அகல பேசினில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நிஜ வெயில். மூன்றாவது மாதம் ஓட்டை அழுத்தினால் வளையவில்லை. ஆறாவது மாதம் தட்டினால் சத்தம் வந்தது. ஆனால் வலது பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே மடங்கியே நின்றுவிட்டது. அது இனிமேல் நிமிராதாம். என் நாலு மாத 'அமைதி'யின் ரசீது. தினமும் கண்ணில் படுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தெருவெல்லாம் தண்ணீர்; சுவரெல்லாம் ஓதம். விளக்கு இல்லை, சூடு இல்லை. ஜி.எம். மந்தமாகிவிட்டார். தீனியை எடுத்தேன். ஹவுஸ் ஓனர் கையைப் பிடித்தார். "போடாதே. அடுப்பு இல்லாத நேரத்துல அரிசி எதுக்கு? உள்ளே கிடந்து கெட்டுப் போகும்." பகலில் சில மணி நேரம் காய்ந்த துண்டு விரித்த கூடையில் விட்டு ஓட்டை உலரவைத்தோம். குளிருமே என்று தொட்டியை பாலிதீனால் மூடப்போனேன். அதுவும் கூடாது, மூடி வைத்தால் ஆவி வெளியே போகாமல் புழுங்கி, பூஞ்சை பிடிக்கும்.

அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரைத் தடவிப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க தமிழ் வாத்தியார் சொல்வார் தம்பி. அந்தப் பழமொழி ஆமை இல்லையாம். 'ஆம்பி பூத்த வீடு'ன்னு இருந்ததாம். ஆம்பின்னா காளான். ஈரம் காயாம, வெளிச்சம் படாம காளான் முளைச்சுக் கிடக்கற வீடு உருப்படாதுன்னு அர்த்தமாம். வாய் மாறி ஆமை தலையிலே விழுந்துடுச்சு."

வாத்தியார் சொன்னது நிஜமோ இல்லையோ, தொட்டியைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு சரி.

இதைப் படித்துவிட்டு யாராவது ஆமை வாங்கக் கிளம்பினால், ஐயா, ஒரு நிமிஷம். நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருந்தால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ணவேண்டும். வெளிநாட்டுக் குட்டிகளைப் பெட்டியில் அடைத்துக் கடத்தி வந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டியவர்கள் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் காட்டும் குட்டி எந்த வழியில் வந்தது என்று யோசியுங்கள். எந்த ஊர்வன ஆனாலும் முதலில் அதன் பூர்வீகத்தை விசாரியுங்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்துத் தாடி ஓணானுக்கு வறண்ட காற்று வேண்டும். தென் அமெரிக்கக் காட்டு இகுவானாவுக்கு ஈரக் காற்று வேண்டும். ஒருவர் வீட்டில் இன்னொருவரை வைத்தால் இருவருக்கும் ஆகாது. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமை மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அதனால்தான் அமெரிக்காவிலேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை வளர்க்க விற்கக் கூடாது என்று 1975-ல் தடை போட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஐந்து ரூபாய் நாணய சைஸில் வருகிறவர் அப்படியே இருக்க மாட்டார். பெண் ஆமை ஒரு அடி வரைகூட வளரும். 20, 30 வருஷம் இருக்கும். என் ஜி.எம். இப்போது ஐந்து அங்குலம். முன்னங்கால் நகம் நீளமாக வளர்ந்து, ஆண் என்று தெரிந்துவிட்டது. (முட்டை இருந்த மண்ணின் சூடுதான் இந்த ஆமைகளில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறதாம். குளிர்ந்த மண் என்றால் ஆண். பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது தெர்மாமீட்டர்!)

இந்தத் தையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதே பி.காம்., பேங்க் பெண் இல்லை. அவளுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இவள் வேறு. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "புதுக் குடித்தனத்துல ஆமையெல்லாம் கூடாது. பொண்ணு வீட்ல என்ன நினைப்பா?" ராஞ்சி நண்பனுக்குப் போன் போட்டேன். "இதுக்குப் போய் கவலைப்படறியே? ஏதாவது கோயில் குளத்துல விட்டுடுடா. புண்ணியம்" என்றான்.

ஒரு ராத்திரி முழுக்க அந்த யோசனை என் தலையிலும் ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் ஹவுஸ் ஓனரிடம் மெதுவாகச் சொன்னேன். எரிமலை வெடித்தது.

"புண்ணியமா? நம்ம ஊர் குளத்து ஆமையோட சோத்தையும் இடத்தையும் இது பிடுங்கிக்கும். நீதானே படிச்சுச் சொன்னே, உலகத்துல மோசமா பரவற நூறு அந்நிய உயிர்னு ஒரு லிஸ்ட் இருக்குன்னு?"

உண்மைதான். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு 2000-ம் ஆண்டில் வெளியிட்ட அந்த நூறு பேர் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் ஒருவர். 1987-ல் ஆரம்பித்த நிஞ்ஜா ஆமைக் கார்ட்டூன் பிரபலமானபோது ஊர் உலகமெல்லாம் வாங்கினார்கள். வளர்ந்ததும் குளத்தில் விட்டார்கள். ஐரோப்பிய யூனியன் 1997-ல் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. குளத்தில் விட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என்னை மாதிரி, 'ஒரு வாரம்' என்று ஆரம்பித்தவர்கள்தான்.

"அப்போ என்ன ஸார் பண்றது?"

அவர் பதில் சொல்லவில்லை. மாடிக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார். அவர் தினமும் ஐந்து மணிக்கு வருவது வழக்கம்தான். டைமர் ஒழுங்காக அணைகிறதா என்று பார்க்கவாம். டைமர் ஒரு நாளும் தப்பியதில்லை. அவரும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஜி.எம். படித்துறையில் கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, மடங்கிய ஓரத்தோடு, ராஜா மாதிரி காய்ந்துகொண்டிருந்தார்.

"பையன் நேத்து பேசினான். அவன் ஊர்ல மைனஸ் 15-ஆம். வாங்கப்பா வாங்கப்பாங்கறான். எனக்கு அந்தக் குளிர் ஆகாது. அவனுக்கு இந்த வெயில் ஆகாது" என்றார் சம்பந்தமில்லாமல்.

விளக்கு 'டக்' என்று அணைந்தது. ஜி.எம். சரிந்து தண்ணீருக்குள் இறங்கினார்.

"நீ போய் சௌக்கியமா குடித்தனம் பண்ணு தம்பி. இவர் இங்கேயே இருக்கட்டும். கனெக்ஷன் எல்லாம் என் மீட்டர்ல இருக்கு. கழட்டி மாட்டறது பெரிய வேலை."

"இது முப்பது வருஷம் இருக்கும் ஸார்..." என்றேன் தயங்கி. அவருக்கு வயது 68.

"தெரியும். எனக்கு அப்புறம் நீ வந்து எடுத்துக்கோ. அதுவரைக்கும் வருஷா வருஷம் அந்த யு.வி. விளக்கு மட்டும் வாங்கிக் குடுத்துடு. தேதி நான் எழுதிக்கறேன்."

புது வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. என் மனைவி ஃபேனை ஐந்தில் வைக்கச் சொல்கிறாள்; எனக்கு இரண்டு போதும். சண்டையே இல்லை. அவள் கட்டிலில் ஃபேனுக்கு நேர் கீழே. நான் சுவரோரம், போர்வைக்குள். நடுவில் நடக்க வழி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மேற்கு மாம்பலம் போகிறோம். ஹவுஸ் ஓனர் மொட்டைமாடியில் பேசினை வைத்து, பாதிக்குப் பலகை மூடி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் ஜி.எம். தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். அவரைக் கண்டால் இழுப்பதில்லை.